ஆண்ட்ரோமீடாவின் கோளக் கொத்தை அளப்பது எப்படி? (காணாமல் போன 84 கிலோமீட்டரும் சேர்த்து)

வேறொரு கேலக்ஸியில் இருக்கும் விண்மீன் கொத்தின் வேகம், உலோகச் செறிவு (ஹைட்ரஜன், ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் அளவு), வயது மூன்றையும் வீட்டுக் கணினியிலேயே கண்டுபிடிக்கலாம். தொலைநோக்கி தேவையில்லை, யாரோ எடுத்த நிறமாலை (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவு) இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதில் இரண்டு வாரம் ஒரே ஒரு பிழையோடு மல்லுக்கட்டியதில் போனது. அதற்காகத்தான் இந்தப் பதிவு, மற்ற படிகளில் வேகமாக நடப்பேன். பைத்தானில் ஒரு ஃபிட்ஸ் கோப்பை (வானியல் தரவுக் கோப்பு வடிவம்) திறந்து வரைபடம் போடத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கொத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் முயற்சிக்கு நம் பக்கத்துக் கேலக்ஸியான ஆண்ட்ரோமீடாவே நல்லது. தொலைவு சுமார் 25 லட்சம் ஒளியாண்டு. கோளக் கொத்து என்பது பந்துபோலத் திரண்ட விண்மீன் கூட்டம். அதன் பாதி ஒளி சுமார் 10 ஒளியாண்டு ஆரத்துக்குள்ளிருந்து வருகிறது. இங்கிருந்து பார்த்தால் அது ஒரு ஆர்க்செகண்டுக்கும் (பாகையில் 3600இல் ஒரு பங்கு) குறைவு. லட்சக்கணக்கான விண்மீன்களின் ஒளியும் ஒரே புள்ளியில் குவிந்து, ஒரே நிறமாலையாகத்தான் கைக்கு வரும்.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. கொத்தின் விண்மீன்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. ஒரே வயது, ஒரே உலோகச் செறிவு என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். முழு கேலக்ஸியின் நிறமாலையோடு போராடுபவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

கேலக்ஸியின் மையத்துக்கு அருகே உள்ள கொத்தை எடுக்காதீர்கள். அங்கே தொலைநோக்கியின் ஒளியிழைக்குள் கொத்தின் ஒளியோடு கேலக்ஸியின் ஒளியும் புகுந்துவிடும், அதைக் கழிப்பது தனி வித்தை. வட்டுக்கு வெளியே தனியாக இருக்கும் பிரகாசமான கொத்தாகப் பாருங்கள்.

1932இல் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமீடாவில் 140 பொருள்களைக் கோளக் கொத்துகள் என்று பட்டியலிட்டபோது, கட்டுரையின் தலைப்பிலேயே 'தற்காலிகமாக' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார். படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அது கொத்தா, பின்னால் இருக்கும் கேலக்ஸியா, முன்னால் நிற்கும் நம் பால்வீதி விண்மீனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வேகம்தான் காட்டிக்கொடுக்கும். ஆண்ட்ரோமீடா நொடிக்கு சுமார் 300 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. பின்னணிக் கேலக்ஸிகளோ நொடிக்கு ஆயிரக்கணக்கான கி.மீ. வேகத்தில் விலகிப் போகின்றன.

படி 2: நிறமாலையை இறக்குங்கள்

நான் எடுத்தது சீனாவின் லாமோஸ்ட் தொலைநோக்கித் தரவு. ஒரே நேரத்தில் 4000 ஒளியிழைகளால் வானத்தைப் பார்க்கும் கருவி அது. ஆண்ட்ரோமீடா கொத்துகள் பலவற்றையும் பதிவுசெய்திருக்கிறது. கொத்தின் ஆயத்தொலைவைக் (வானத்தில் அதன் இடத்தைக் குறிக்கும் எண்கள்) கொடுத்துத் தேடினால் போதும். சிக்னல்-இரைச்சல் விகிதம் 20க்குக் கீழே இருந்தால் தொடவே வேண்டாம். வயதும் வேண்டுமென்றால் 50 இருப்பது நல்லது.

4700 முதல் 5600 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு, மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வரை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். தனிமங்கள் ஒளியை விழுங்கும் இடங்கள் நிறமாலையில் கோடுகளாகத் தெரியும். ஹைட்ரஜனின் எச்-பீட்டா கோடு (4861), மக்னீசியத்தின் மூன்று கோடுகள் (5167–5184), இரும்பின் 5270, 5335 எல்லாம் இதற்குள் வந்துவிடும். 5700–5900 பகுதியில் நீலப் பாதியையும் சிவப்புப் பாதியையும் ஒட்டவைத்த தையல் இருக்கிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

படி 3: மாதிரிகளோடு பொருத்துங்கள்

கருவி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. நிறமாலையை மாதிரிகளோடு பொருத்தும் மிக்கேலே கப்பெல்லாரியின் பி.பி.எக்ஸ்.எஃப். நிரலை எடுங்கள். ஐராஃப் என்ற பழைய வானியல் மென்பொருளில் தொடங்குங்கள் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஐராஃபை நிறுவவே எனக்கு ஒரு வார இறுதி போனது. மாதிரி நிறமாலைகளுக்கு மைல்ஸ் தொகுப்பு. ஏறத்தாழ ஆயிரம் விண்மீன்களை நேரில் பதிவுசெய்து, அவற்றைக் கொண்டு பல வயது, பல உலோகச் செறிவுக் கூட்டங்களின் நிறமாலையைக் கட்டியிருக்கிறார்கள்.

பொருத்துவதற்கு முன் இரண்டு நிறமாலைகளும் அலைநீளத்தின் மடக்கை அளவில் சம இடைவெளியில் இருக்க வேண்டும். அப்போதுதான் டாப்ளர் விலகல் (பொருளின் வேகத்தால் அலைநீளம் மாறுவது) நிறமாலை முழுவதும் ஒரே நகர்வாக இருக்கும். லாமோஸ்ட் கோப்பு ஏற்கெனவே அப்படித்தான் வருகிறது, பிக்சலுக்கு 69 கி.மீ./நொடி. மாதிரிகளை அதே இடைவெளிக்கு மாற்றி ஓடவிட்டால் வேகம் வந்து விழும்.

எனக்கும் விழுந்தது. தவறாக.

படி 4: நான் வழுக்கி விழுந்த இடம்

ஏற்கெனவே வெளியான பட்டியலில் என் கொத்துக்கு -331 கி.மீ./நொடி (கழித்தல் குறி என்றால் நம்மை நோக்கி வருகிறது). எனக்கு வந்தது -249. பொருத்தமோ பார்க்க அழகாக இருந்தது. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன, மீதத்தில் (தரவுக்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாசம்) குறை சொல்ல ஒன்றுமில்லை. இரைச்சல் என்று நினைத்து வேறொரு கொத்தை எடுத்தேன். அதுவும் 80 சொச்சம் தள்ளி. நான்காவது கொத்தில்தான் உறைத்தது: இரைச்சல் என்றால் இப்படியும் அப்படியும் சிதறும். எல்லாமே ஒரே திசையில் ஒரே அளவு பிசகினால் அது இரைச்சல் இல்லை.

காரணம் காற்று. காற்றின் ஒளிவிலகல் எண் சுமார் 1.00028. அதனால் ஒரே கோட்டுக்கு வெற்றிடத்தில் ஒரு அலைநீளம், காற்றில் அதைவிடச் சற்றுக் குறைந்த அலைநீளம். 5000 ஆங்ஸ்ட்ராமில் வித்தியாசம் 1.4 ஆங்ஸ்ட்ராம். லாமோஸ்ட் வெற்றிட அலைநீளத்தில் எழுதுகிறது, மைல்ஸ் காற்றில் எழுதுகிறது. 0.00028ஐ ஒளியின் வேகத்தால் பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 84 கி.மீ. வெற்றிடக் கோடு நீளமாக இருப்பதால் நிரல் அதைச் செம்பெயர்ச்சி (விலகிப் போவதால் அலைநீளம் கூடுவது) என்று நம்பிவிட்டது.

ஏன் கண்ணில் படவில்லை? 84 என்பது ஒரு பிக்சலைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதோடு, நிரல் வேகத்தை நகர்த்தி அந்தப் பிழையை முழுசாக விழுங்கிவிடுகிறது. பொருத்தம் சரியாக இருப்பது விடை சரி என்பதற்குச் சான்றல்ல; இங்கே அது பிழையை மூடி மறைத்தது.

தீர்வு ஒரே வரி: உங்கள் அலைநீளங்களை எல்லாம் 1.00028ஆல் வகுத்துவிடுங்கள். இந்தக் குறுகிய பகுதிக்கு அது போதும். துல்லியம் வேண்டுமென்றால் பி.பி.எக்ஸ்.எஃப். உடன் வரும் துணைக் கோப்பிலேயே இதற்கான செயற்கூறு இருக்கிறது. வகுத்த பிறகு எனக்கு -332 வந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

படி 5: உலோகமும் வயதும்

மாதிரியின் பொது வடிவத்தைத் தரவோடு ஒத்துப்போகச் செய்ய நிரல் ஒரு பல்லுறுப்புக்கோவையைக் கூட்டும் அல்லது பெருக்கும். வேகத்துக்குச் சேர்ப்புப் பல்லுறுப்புக்கோவை (கூட்டும் வகை) பயன்படுத்தலாம். இந்தப் படியில் அதை நிறுத்திவிட்டு, பெருக்கல் வகையை மட்டும் வையுங்கள். சேர்ப்பு வகை கோடுகளின் ஆழத்தையே மாற்றிவிடும், நமக்கு வேண்டியதோ அந்த ஆழம்தான். பல மாதிரிகளைக் கலக்கவிடாமல் ஒவ்வொன்றாகப் பொருத்தி, எது மிகக் குறைந்த மீதம் தருகிறது என்று பார்ப்பதே என் வழக்கம்.

உலோகச் செறிவை நம்பலாம். வயதை அவ்வளவு நம்பாதீர்கள். வயது கூடினாலும் உலோகம் கூடினாலும் நிறமாலை ஏறத்தாழ ஒரே மாதிரி சிவக்கும். இரண்டையும் பிரிக்க உதவுவது எச்-பீட்டாதான்: இளம் கொத்தில் அது ஆழமாக இருக்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. உலோகம் குறைந்த முதிய கொத்துகளில் வெப்பமான கிடைக்கிளை விண்மீன்கள் (மையத்தில் ஹீலியத்தை எரிக்கும் முதிய விண்மீன்கள்) இருந்தால் அவையும் எச்-பீட்டாவை ஆழமாக்கி, கிழத்தை இளசாகக் காட்டிவிடும். எதிர்ப்பக்கத்தில், மைல்ஸ் மாதிரிகளின் ஒரு வகை 17.8 பில்லியன் ஆண்டு வரை போகிறது. பிரபஞ்சத்தின் வயதே 13.8. நிரல் அந்த ஓரத்தில் போய் நின்றால் 'மிக முதியது' என்று மட்டும் எழுதிவிட்டு நகருங்கள்.

கொத்துக்குள் விண்மீன்களின் வேகச் சிதறலையும் நிரல் ஓர் எண்ணாகத் தரும். அதைக் கிழித்துப் போடுங்கள். கோளக் கொத்துகளில் அது பொதுவாக 10 கி.மீ./நொடி அளவில் இருக்கும். லாமோஸ்ட் கருவியின் சொந்த மங்கலே சுமார் 70.

பிற்சேர்க்கை 1: 1.00028ஆல் வகுத்த பிறகும் 24 கி.மீ. தள்ளி வருகிறது என்று ஒரு வாசகர் எழுதினார். பூமி சூரியனைச் சுற்றும் வேகத்துக்கான திருத்தத்தை ஆஸ்ட்ரோபை (வானியலுக்கான பைத்தான் நிரல் தொகுப்பு) வைத்து அவர் செய்திருக்கிறார். லாமோஸ்ட் அதை முன்பே செய்துவிட்டுத்தான் கோப்பைத் தருகிறது. இரட்டைத் திருத்தம். நீக்கியதும் சரியாகிவிட்டது.

பிற்சேர்க்கை 2: வேறு தொலைநோக்கித் தரவு வைத்திருப்பவர்கள் 'என்னுடையது காற்றா, வெற்றிடமா?' என்று கேட்கிறார்கள். ஃபிட்ஸ் கோப்பின் தலைப்புக் குறிப்பில் எழுதியிருக்கும். இல்லையென்றால் வானமே சொல்லும். வளிமண்டல ஆக்சிஜனின் பச்சைக் கோட்டைக் கழித்தாலும் அதன் எச்சம் பெரும்பாலும் மிஞ்சும். அது 5577.3 அருகே இருந்தால் காற்று, 5578.9 அருகே இருந்தால் வெற்றிடம். ஒருவருக்கு 5578.4 வந்து குழம்பிப்போனார். அது வெற்றிடம்தான், பூமியின் வேகத்தைத் திருத்தும்போது வானக் கோடும் கூடவே அரை ஆங்ஸ்ட்ராம் வரை நகர்ந்துவிடும்.