சிசி லிமிட்டை வேறு வங்கிக்கு மாற்றுமுன்

எட்டு வருடமாக ஒரே வங்கியில் சிசி (கேஷ் கிரெடிட், அதாவது லிமிட்டுக்குள் வேண்டியபோது எடுத்துத் திருப்பிக் கட்டும் தொழில் கடன்) வைத்திருந்தால், எந்த வாரம் பணம் வரும், எந்தப் பார்ட்டி செக் திரும்பும் என்பதெல்லாம் அந்த வங்கிக்கு அத்துப்படி. வெளி வங்கிக்குத் தெரியாது. ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) எல்லோருக்கும் ஒன்றுதான். அதன்மேல் ஏற்றும் ஸ்ப்ரெட்டில்தான் வித்தியாசம். நீங்கள் ஒழுங்கான பார்ட்டி என்பது தனக்கு மட்டும் தெரிந்திருக்கும்வரை, ஸ்ப்ரெட்டைக் குறைக்க உங்கள் வங்கிக்கு என்ன அவசரம்?

புது வங்கியின் சந்தேகமோ வேறு: “நல்ல பார்ட்டி என்றால் பழைய வங்கி ஏன் விடுகிறது?” இதற்குப் பதிலைப் பேப்பரில் கொண்டு போக வேண்டும்.

முதலில் கிரெடிட் ரிப்போர்ட். கடன் விவரம் திரட்டும் நான்கு நிறுவனங்களும் தனிநபருக்கு வருடத்துக்கு ஒன்று இலவசமாகத் தரவேண்டும். உங்கள் ஸ்கோர் 300 முதல் 900 வரை. தொழிலுக்கு சிபில் ரேங்க் 1 முதல் 10, இதில் 1தான் சிறந்தது. முடித்த கடன் இன்னும் பாக்கியாகத் தெரிந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

அடுத்து 12 மாத ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டிஆர்-3பி (விற்பனையும் வரியும் காட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்), பேலன்ஸ் ஷீட். ஃபைல் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். விற்பனைப் பணம் பாதி வேறொரு கரண்ட் அக்கவுன்டில் விழுந்தால், 3பியில் 2.5 கோடி, சிசியில் 1.3 கோடி என்று நிற்கும். அந்த ஸ்டேட்மென்டையும் சேர்த்தே கொடுங்கள். வங்கிக்குக் கொடுத்த மார்ச் 31 ஸ்டாக் ஸ்டேட்மென்டும் பேலன்ஸ் ஷீட் சரக்கும் ஒத்துப்போகிறதா என்று ஆடிட்டரிடம் முன்பே கேளுங்கள். திரும்பிய செக்குகளுக்குக் காரணம் எழுதி ஒரு தாள். அக்கவுன்ட் அக்ரிகேட்டர் (உங்கள் சம்மதத்தோடு கணக்கு விவரத்தை வங்கியிலிருந்து நேராக அனுப்பும் சேவை) வழியாக அனுப்பினால் பிடிஎஃப்பைத் திருத்தினீர்களோ என்ற கேள்வியே எழாது.

5 கோடி வரையிலான லிமிட்டுக்கு எதிர்பார்க்கும் விற்றுமுதலில் 20 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு: 2.5 கோடிக்கு 50 லட்சம்.

இரண்டு வங்கிக்கு மேல் போகாதீர்கள். கடனுக்காக வங்கி செய்யும் ஒவ்வொரு விசாரணையும் கிரெடிட் ரிப்போர்ட்டில் பதிவாகும்; ஒரே மாதத்தில் ஐந்து இருந்தால் ஆறாவது வங்கி, எல்லோரும் மறுத்துவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்ளும். ஏஜென்டிடம் ஃபைலைக் கொடுத்தால், அவர் பல வங்கிக்கு அனுப்பினால் இதுதான் நடக்கும்.

வாய்வார்த்தை வேண்டாம், புது வங்கியிடம் சேங்ஷன் லெட்டர் (கடன் அனுமதிக் கடிதம்) வாங்குங்கள். அதோடு பழைய வங்கிக்குப் போனால் பல சமயம் அங்கேயே வட்டி இறங்கும். இறங்காவிட்டால் கணக்குப் போடுங்கள்: சராசரியாக 40 லட்சம் எடுப்பவருக்கு வட்டி 1 சதவீதம் குறைந்தால் வருடத்துக்கு 40,000 மிச்சம். பிராசசிங், அடமானப் பதிவு, வக்கீல், மதிப்பீடு சேர்ந்து 60,000 ஆனால் ஒன்றரை வருடம் கழித்தே லாபம்.

2026 ஜனவரி 1 முதல் அனுமதித்த அல்லது புதுப்பித்த மாறும் வட்டிக் கடனுக்கு, குறு, சிறு தொழில்களிடம் வணிக வங்கிகள் முன்கூட்டி முடிக்கும் கட்டணம் கேட்க முடியாது. சிறு நிதி வங்கிகளுக்கு விதி வேறு. கடன் முழுதும் தீர்ந்தபின் மூலப் பத்திரங்களைக் கேட்டு வாங்குங்கள்.