திறந்த கட்டடக்கலைப் போட்டியில் கலந்துகொள்வது எப்படி?

ஒரு கட்டடத்துக்கோ நினைவுச்சின்னத்துக்கோ அழைப்பு இல்லாமலே வடிவமைப்பு அனுப்பக்கூடியதுதான் திறந்த போட்டி. போட்டி என்றாலே பெரிய நிறுவனங்களுக்குத்தான் என்று ஒதுங்கிவிடாதீர்கள். வாஷிங்டனில் இருக்கும் வியட்நாம் போர் நினைவுச்சின்னத்துக்கு 1981-இல் வந்த 1,421 வடிவமைப்புகளில் வென்றது மாயா லின் அனுப்பியது, அப்போது அவர் யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவி. நடுவர்களுக்குப் பெயர் தெரியாது, எண் மட்டும்தான்.

முதலில் விதிகளை முழுசாகப் படியுங்கள்: பதிப்புரிமை யாருக்கு, வென்றவருக்கே வேலையைக் கொடுப்பார்களா இல்லை பரிசுத்தொகையோடு சரியா, நடுவர்கள் யார் யார். யுனெஸ்கோ விதிமுறைப்படி நடக்கும் சர்வதேசப் போட்டிகளுக்கு யுஐஏ என்கிற உலகக் கட்டடக் கலைஞர் அமைப்பு ஒப்புதல் தருகிறது, அது இருந்தால் தைரியமாக இறங்கலாம். கட்டணத்தை மட்டும் பெரிதாகப் போட்டு நடுவர் பெயரையே சொல்லாத போட்டியா, விட்டுவிடுங்கள், உங்கள் உழைப்புக்கு மதிப்பு உண்டு.

அப்புறம், சந்தேகம் கேட்கத் தனியாக ஒரு கெடு இருக்கும், மனையின் அளவோ மண்ணோ புரியவில்லை என்றால் அதற்குள் கேட்டுவிடுங்கள், மற்றவர்களுக்குத் தரும் பதில்களையும் படியுங்கள். வரைபடத் தாளில் ஒரே கருத்து, அதைச் சொல்லும் ஒரு பெரிய படம். முதல் சுற்றில் யாரும் பத்தி பத்தியாகப் படிக்க மாட்டார்கள். பெயர் மறைக்கச் சொல்லியிருந்தால் பிடிஎஃப் கோப்பின் விவரங்களிலும் அழித்துவிடுங்கள். கடைசி நேரம் எந்த நாட்டு நேரப்படி என்று பார்த்து, முந்தின நாளே அனுப்பிவிடுங்கள்.