ஊருக்குப் பறப்பதற்கு முன் மேசையில் விரிக்க வேண்டிய கடதாசிகள்

தாயகத்துக்குப் போவதென்று வீட்டில் முடிவானதும் நம்மில் பெரும்பாலோர் முதலில் செய்வது மலிவான பயணச்சீட்டைத் தேடுவதுதான். அதற்கு முன்னர் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, போகவிருக்கும் ஒவ்வொருவரின் கடவுச்சீட்டு, பிறப்பத்தாட்சிப் பத்திரம், பழைய இலங்கை அடையாள அட்டை, வதிவிட அட்டை, குடியுரிமைச் சான்றிதழ் ஆகியவற்றை மேசையில் அருகருகே விரித்து வைத்து, பெயரையும் பிறந்த திகதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டிக்கொள்கிறேன். விமான நிலையங்களில் நம்மவர்கள் மறிக்கப்படுவதை நான் கண்ட அளவில், பெரும்பாலான சிக்கல்கள் குற்றத்தாலோ சந்தேகத்தாலோ வந்தவை அல்ல. ஒரே ஆள் மூன்று கடதாசிகளில் மூன்று பேராக இருந்ததால் வந்தவை.

நமது பெயர் முறையே இதற்கு முதற் காரணம். ஊரில் தகப்பன் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். புலம்பெயர்ந்த நாட்டில் பதிவு செய்த அலுவலர் முன்னால் நின்றதைச் சொந்தப் பெயராகவும் பின்னால் நின்றதைக் குடும்பப் பெயராகவும் எழுதியிருப்பார். திருமணமான பெண்களுக்குக் கணவரின் பெயரோ மாமனாரின் பெயரோ குடும்பப் பெயராக ஏறியிருக்கும். இவற்றோடு ஆங்கில எழுத்துக்கூட்டலும் சேர்ந்துகொள்கிறது. யோகேஸ்வரி என்ற ஒரு பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: நடுவில் ‘ஜி’யா ‘கே’யா, பின்னர் ‘டபிள்யூ’வா ‘வி’யா, முடிவில் ‘ஐ’யா ‘வை’யா என்று பார்த்தால் ஒரே பெயரை எட்டு விதமாக எழுதிவிடலாம். எட்டும் நமக்கு ஒன்றுதான். கணினிக்கு எட்டும் எட்டுப் பேர்.

பயணச்சீட்டு எடுக்கும்போது பார்க்க வேண்டியது கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் அடியில் அச்சிடப்பட்டிருக்கும் இரண்டு வரிகளை. ஒவ்வொன்றும் 44 இடங்கள் கொண்ட அந்த வரிகளில் முதல் வரியில் நாட்டின் குறியீட்டுக்குப் பிறகு குடும்பப் பெயரும், அதன் பின் இரட்டை அம்புக்குறியும், அதற்குப் பின் சொந்தப் பெயரும் வரும். விமான நிறுவனத்தின் கணினியும் குடிவரவு அதிகாரியின் கருவியும் வாசிப்பது அந்த வரிகளையே. சில வருடங்களுக்கு முன்னர் என் மாமியாரின் சீட்டை எடுத்துத் தந்த முகவர், ஊர்ப் பழக்கத்தில் தகப்பன் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கிப் போட்டுவிட்டார். அதிகாலையில் பெட்டிகள் நிறுக்கப்பட்ட பின்னர்தான் பிழை தெரிய வந்தது. எழுபது வயதைக் கடந்தவர் இரண்டு மணித்தியாலம் கதிரையொன்றில் அமர்ந்திருக்க, நான் கருமபீடத்துக்கும் தொலைபேசிக்கும் இடையே அலைந்து, திருத்தக் கட்டணம் செலுத்தி, கடைசி அழைப்பில்தான் அவரை உள்ளே அனுப்பினேன். அன்று முதல், சீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்த இரண்டு வரிகளையும் படமெடுத்து முகவருக்கு அனுப்பி, அப்படியே எழுதும்படி கேட்கிறேன்.

பழைய அடையாள அட்டை இருந்தால் அதையும் சரிபாருங்கள். 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கும். பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரி மாதம் எப்போதும் 29 நாளாகவே கணக்கிடப்படும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் ஆண்டு முழுமையாக எழுதப்படுகிறது. எனவே, வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் பிறந்த திகதி வேறாக இருந்தால், அடையாள அட்டையை நீட்டிய கணத்திலேயே அந்த முரண்பாடு வெளிப்பட்டுவிடும்.

அந்த முரண்பாடு பலருக்கு இருப்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்த முகவர் கொடுத்த பெயரிலும் திகதியிலும் எல்லைகளைக் கடந்து, அதே விபரத்தோடு தஞ்சம் கோரி, பின்னர் அதே விபரத்தோடு குடியுரிமையும் பெற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உயிரைக் காக்க எடுத்த முடிவு அது. ஆனால், ஊரில் காணி எழுதுவதற்கோ வங்கிக் கணக்கை மீட்பதற்கோ போகும்போது பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் உள்ளவரும் கடவுச்சீட்டில் உள்ளவரும் ஒருவரே என்று நிறுவ வேண்டி வரும். வாழும் நாட்டில் சட்டப்படி பெயர் மாற்றியிருந்தால் அந்தச் சான்றிதழின் மூலப் பிரதியை எடுத்துச் செல்லுங்கள். இல்லையெனில், வாழும் நாட்டில் ஒரு சட்டத்தரணியிடம் முதலில் பேசிவிட்டு, அதன் பின்னரே சத்தியக் கடதாசி எதையும் முடியுங்கள். ஏனெனில், ஊரில் காணிக்காக எழுதிய ஒரு வாசகம் இங்கே தஞ்ச வழக்கில் சொன்னதோடு மோதக்கூடும்.

அடுத்தது, எந்த நாட்டவராகப் போகிறீர்கள் என்ற கேள்வி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, ஓர் இலங்கையர் இன்னொரு நாட்டின் குடியுரிமையைத் தாமாகப் பெற்றதும் இலங்கைக் குடியுரிமை இல்லாமற் போகிறது. 1987இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னர், அதனைத் தக்கவைத்துக்கொள்ளவோ மீளப் பெறவோ விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் பெறலாம். அந்தச் சான்றிதழ் உள்ளவர்கள் அதனைக் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். அது இல்லாதவர்கள், காலாவதியாகாத பழைய இலங்கைக் கடவுச்சீட்டோ அடையாள அட்டையோ கையில் இருக்கிறதே என்று விசாச் செலவைத் தவிர்க்க அதைக் காட்ட முயல வேண்டாம். சட்டத்தின் கண்ணில் அது உங்களுக்கு உரியதல்லாத ஆவணம்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் போவோர் மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்வது நல்லது. சுற்றுலாவுக்கு வழக்கமாக 30 நாட்கள் கிடைக்கும். மேலும் தங்க வேண்டியவர்கள் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் நீடிப்புக் கேட்கலாம். கடவுச்சீட்டு நாட்டில் கால் வைக்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். அனுமதி கடவுச்சீட்டின் எண்ணோடு கட்டப்பட்டது என்பதால், இடையில் புதிய கடவுச்சீட்டு எடுத்தால் பழைய அனுமதி உதவாது. எண்ணில் உள்ள சைபரை ‘ஓ’ என்ற எழுத்தாகப் பதிந்தாலும் அதே கதிதான். தேடுபொறியில் முதலில் வரும் தளங்கள் பல, அரசுத் தளம் போலத் தோற்றம் காட்டி இரட்டிப்பாகப் பணம் வாங்குபவை. முகவரி ‘ஜிஓவி டொட் எல்கே’ என்று முடிகிறதா என்று பார்த்த பின்னரே அட்டையின் எண்ணைக் கொடுங்கள்.

இனிச் சொல்வதை, அகதி அந்தஸ்தில் இருப்பவர்கள் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தின் கீழ் வழங்கப்படும் பயண ஆவணம் பொதுவாக இலங்கைக்குச் செல்லுபடியாகாது. பலவற்றில் அது வெளிப்படையாகவே அச்சிடப்பட்டிருக்கும். அம்மா கடுமையாக நோயுற்றிருக்கிறார் என்ற செய்தி வந்ததும், இலங்கைத் தூதரகத்தில் கடவுச்சீட்டு எடுத்துப் போய் வந்துவிடலாம் என்று ஆலோசனை சொல்ல நாலு பேர் இருப்பார்கள். தப்பி வந்த நாட்டின் கடவுச்சீட்டை எடுப்பதே அந்நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடியதாகக் கொள்ளப்படலாம். கனடாவில் 2012 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, இந்தக் காரணத்தால் அகதி அந்தஸ்து முடிவுக்கு வந்தால் நிரந்தர வதிவுரிமையும் கூடவே பறிபோகும். பத்து வருடம் வரி கட்டி, வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவருக்கும் அது பொருந்தும். குடியுரிமை பெற்றவருக்கு அந்த ஆபத்து இல்லை என்பதால், விண்ணப்பிக்கத் தகுதி உள்ளவர்கள் முதலில் குடியுரிமையை எடுங்கள். சுவிற்சர்லாந்திலும் அங்கீகரிக்கப்பட்ட அகதிகள் தாய்நாட்டுக்குப் பயணிக்கச் சட்டத் தடை உண்டு. இந்தியா வரை போய்ப் பெற்றோரை அங்கே அழைத்துச் சந்திக்கலாம் என்று எண்ணுவோரும், இந்தியாவின் மின்னணு விசா இத்தகைய பயண ஆவணங்களுக்குக் கிடைக்காது, தூதரகத்தில் முறையான விசா எடுக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்து நாட்களைக் கணக்கிடுங்கள்.

பாதுகாப்பு அனுமதி என்ற சொல்லைக் கேட்டாலே மூத்தவர்களின் முகம் மாறும். 2006 ஒகஸ்ட் மாதம் யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ-9 பாதை முகமாலையில் மூடப்பட்ட பின்னர், யாழ்ப்பாணத்தவருக்குப் பலாலி விமானமும் திருகோணமலைக் கப்பலும் மட்டுமே வழியாக இருந்தன. இரண்டுக்கும் படைத்தரப்பின் ‘கிளியரன்ஸ்’ வேண்டும். குடும்ப அட்டையும் கிராம அலுவலரின் கடிதமும் படங்களும் கொண்டு வரிசையில் நின்றவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். போர் முடிந்து ஐந்து ஆண்டுகளின் பின்னரும், 2014 ஒக்டோபரில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் வடக்கே செல்லப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற விதி திரும்ப வந்தது. 2015 ஜனவரி ஆட்சி மாற்றத்தின் பின் நீக்கப்பட்டது. இன்று யாழ்ப்பாணம் போக அப்படியான அனுமதி எதுவும் தேவையில்லை. ‘நான் எடுத்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

ஆனால், பயங்கரவாதத்தோடு தொடர்புடையவை என்று அரசு கருதும் அமைப்புகள், நபர்களின் தடைப் பட்டியல் என்பது இன்றும் இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதிகளின் கீழ், 2014இல் 16 அமைப்புகளும் 424 தனிநபர்களும் வர்த்தமானியில் பட்டியலிடப்பட்டனர். பின்னர் அது பலமுறை திருத்தப்பட்டது. 2022 ஒகஸ்டில் 6 அமைப்புகளும் 316 நபர்களும் நீக்கப்பட்டனர். நமது பெயர்கள் பலருக்குப் பொதுவானவை. பட்டியலில் உள்ள ஒருவரின் பெயரும் உங்கள் பெயரும் ஒத்திருந்தால், பிறந்த திகதி, பிறந்த இடம், அடையாள அட்டை எண் ஆகியவைதான் உங்களைப் பிரித்துக் காட்டும். ஆகவே, பயணத்துக்கு முன் நடைமுறையில் உள்ள வர்த்தமானியைப் பார்த்து, ஒத்த பெயர் இருந்தால் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியோடு போங்கள். கனடாவில் பெயர் ஒற்றுமையால் ஒவ்வொரு முறையும் மறிக்கப்படுவோர் அரசிடம் கனடியப் பயண எண் பெற்று, சீட்டு எடுக்கும்போதே அதைப் பதியலாம். ஆயுத இயக்கத்தில் இருந்தவர்கள், ஊரில் வழக்கோ பிடியாணையோ நிலுவையில் விட்டு வந்தவர்கள், படகிலோ பிறர் கடவுச்சீட்டிலோ நாட்டை விட்டு வெளியேறியவர்கள் ஆகியோர் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு சட்டத்தரணியைக் கொண்டு விசாரிக்காமல் பயணச்சீட்டு எடுக்கவே வேண்டாம். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கேட்கப்படும் கேள்விக்கு வீட்டிலேயே விடை தேடி வைப்பதுதான் நல்லது.

சென்னை வழியாகப் பலாலிக்குப் போக விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. பலாலி 2019 ஒக்டோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமானது. இடையில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. ஐரோப்பாவிலிருந்து ஒரு சீட்டும் பலாலிக்கு வேறொரு சீட்டுமாக எடுத்தால், சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க இந்தியாவுக்குள் நுழைய வேண்டியிருக்கும். அதற்கு இந்திய விசா இல்லையென்றால், புறப்படும் இடத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

திரும்பி வரும் கடதாசியையும் போகும்போதே பாருங்கள். கனடிய நிரந்தர வதிவிட அட்டை ஊரில் இருக்கும்போது காலாவதியானால், பயண ஆவணம் பெறக் காத்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் பிளாஸ்டிக் வதிவிட அட்டைகள் 2024 முடிவோடு மின்விசாவாக மாறியதால், புதிய கடவுச்சீட்டை அந்த இணையக் கணக்கில் சேர்க்காதவர்கள் கட்டுநாயக்காவில் நின்று கடவுச்சொல் தேட நேரும். தாயோ தந்தையோ மட்டும் பிள்ளைகளோடு போனால், மற்றவரின் ஒப்புதல் கடிதத்தைச் சான்றுப்படுத்தி எடுங்கள்.

எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை இங்கே சகோதரரிடம் கொடுத்துவிட்டு, மற்றதை மூலப் பத்திரங்கள் இல்லாத பையில் வையுங்கள். தனியாகப் போகும் முதியவர்களுக்கு ஒளி ஊடுருவும் உறை ஒன்றில் கடவுச்சீட்டு, அச்சிட்ட பயண அனுமதி, திரும்பும் சீட்டு என்று கேட்கப்படும் வரிசையிலேயே அடுக்கி, தங்கப் போகும் வீட்டின் முகவரியையும் அழைத்துப் போக வருபவரின் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதி, உறையைத் திறக்காமலே வாசிக்கக்கூடியதாக முன்பக்கத்தில் வைத்துக் கொடுங்கள்.