மோவாய் கோணினால் எந்த மூட்டைக் குற்றம் சொல்வது?

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் என்னிடம் பல்லுக்குக் கிளிப் போடும் வேலை பழகும் இளைய மருத்துவர் போன வாரம் ஓர் ஓபிஜி படத்தை, அதாவது இரு தாடைகளையும் ஒரே படமாகக் காட்டும் எக்ஸ்ரேயை, காட்டினார். “வலது கான்டைல் பெரிது, அதனால் மோவாய் இடது பக்கம் போய்விட்டது” என்று குறிப்பும் எழுதியிருந்தார். என் பழைய குறிப்பேடு ஒன்றைத் திறந்ததுபோல் இருந்தது. நானும் இதே தவறைச் செய்தவன். இந்தப் படங்களைப் படிப்பதில் வரும் தவறுகளைத்தான் கீழே எழுதுகிறேன்.

வலம் இடம் குறி மாறுவது, நோயாளி அசைந்து படம் கலங்குவது எல்லாம் ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன்.

ஒப்பீட்டைத் தீர்ப்பாக எடுப்பது

கான்டைல் என்பது கீழ்த்தாடையின் மேல்முனையில் உள்ள மூட்டுத் தலை. காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்தால் நகர்வது அதுதான். பெரியவர்களுக்குக் குறுக்கே சுமார் 15 முதல் 20 மி.மீ., முன்பின்னாக 8 முதல் 10 மி.மீ. இருக்கும். ஒரு பக்கத் தலை மிகையாக வளர்ந்தால் மோவாய் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். ஒரு பக்கம் குன்றினால் மோவாய் அந்தப் பக்கமே சாயும். ஆக, இடப்பக்கம் சாய்ந்த மோவாய்க்கு வலது மிகையும் காரணமாகலாம், இடது குறையும் காரணமாகலாம்.

எனக்கு வந்தவள் 16 வயதுப் பெண். ஓபிஜியில் வலது தலை பெரிதாகத் தெரிந்தது. எலும்பு சுறுசுறுப்பாக வளரும் இடத்தில் ஊசி மருந்து கூடுதலாக ஏறுவதைக் காட்டும் எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். இரு தலைகளிலும் ஏறிய மருந்தில் வலம் 58, இடம் 42 சதவீதம் என்று வந்தது. இரண்டுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கூடிய பக்கம் இன்னும் வளர்கிறது என்று கொள்வது வழக்கம். எனக்கு ஒரே பெருமை. வலது தலையைச் சீவிவிடலாம் என்று அறுவை மருத்துவருக்குக் கடிதமும் போய்விட்டது.

அவர் செய்தது ஒன்றுதான். அவள் முகத்தை நிமிர்த்தி மோவாய்க்கு அடியில் பார்த்தார். பழைய தையல் தழும்பு! கூட வந்த ஆயாவிடம் கேட்டதும், “அஞ்சு வயசுல மாடிப்படியில விழுந்தா டாக்டர், தாவாக்கட்டையில தையல் போட்டாங்க” என்றார். மோவாயில் விழுந்த அடி மேலேறி மூட்டுத் தலையை உடைக்கும். குழந்தைகளிடம் பலமுறை அது யார் கண்ணிலும் படாது. தையலோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இடது தலை அன்றே அடிபட்டு வளர்ச்சி குன்றியிருக்கிறது. வலது தலை வயதுக்கேற்ற வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. ஸ்கேன் சொன்னது விகிதம் மட்டுமே. இடது ஓய்ந்துபோனதால் வலது கூடியதாகத் தெரிந்தது. ஆரோக்கியமான மூட்டைச் சீவ இருந்தேன்! அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

அத்தனை அறிகுறியும் என் கண்முன்னே இருந்தன. வாய் திறக்கும்போது மோவாய் இன்னும் இடப்பக்கம் ஓடியது. இடது தாடைக் கோணத்துக்கு முன்னால் கீழ்விளிம்பில் ஆழமான குழிவு. படத்தில் எல்லாம் இருந்தது, நான்தான் தலைகளை மட்டும் அளந்துகொண்டிருந்தேன்.

ஓபிஜியில் மி.மீ. அளப்பது

படமெடுக்கும்போது நோயாளி முகத்தைக் கொஞ்சம் திருப்பியிருந்தாலே ஒரு பக்கம் பெரிதாகத் தெரியும். அந்தப் பக்கக் கடைவாய்ப் பற்களும் அகலமாக இருந்தால் படத்தை நம்பாதீர்கள். அளவு வேண்டுமென்றால் சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் எடுங்கள்.

சின்னதெல்லாம் நோய் என்பது

மோவாய் உள்வாங்கிய நீள முகங்களில் இரு பக்கமும் சின்ன மூட்டுத் தலைகள் இருப்பது சகஜம். கீழ்த்தாடை முன்தள்ளியவர்களிடம் பெரிதாக இருக்கும். ஆனால் பிறவியிலேயே சின்னதா, சுருங்கிவருகிறதா என்பது வேறு கேள்வி. இளம்பெண்களிடம் காரணம் தெரியாமலே மூட்டுத் தலை கரைவதுண்டு. முன்பற்களுக்கிடையே திறப்பு புதிதாக விழுந்தால் உஷாராகுங்கள்.

வலி இல்லை, அதனால் மூட்டு சரி என்பது

இல்லை.

பழைய படம் கேட்காதது

வளர்ச்சி நின்றதா என்று ஒரே நாள் படம் சொல்லாது. நம் வீடுகளில் வருஷா வருஷம் தைப்பூசக் காவடிப் படம் இருக்கும், அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுடைய ஏழு வயதுப் படத்திலேயே மோவாய் இடப்பக்கம்தான் இருந்தது.