செம்மண் கறை ஏறிய கல்லை வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி?

கடலூர் கேப்பர் மலைப் பக்கமும், காலாப்பட்டு, ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேடுகளிலும் கிடைக்கும் கூழாங்கற்கள் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்காவாலான கடினமான கனிமம். உள்ளே பால் வெள்ளையாகவோ கண்ணாடி போலவோ இருக்கும். மேலே மட்டும் துருச் சிவப்பு. சோப்புப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. காரணம், அது வெறும் மண் இல்லை. கடலூர் மணற்கல்லில் உள்ள இரும்பு ஆக்சைடு நீரோடு இறங்கிக் கல்மேல் பூச்சாகப் படிந்திருக்கிறது. பலரும் உடனே தேடுவது பாத்ரூம் ஆசிட் பாட்டிலை. அதைத் தொடவே வேண்டாம். இதற்கு அதைவிட மெதுவான, நல்ல வழி இருக்கிறது.

வேலையைத் தொடங்குமுன் இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கல் எது, அழுக்கு எது. கல்லைக் கரைக்காமல் அழுக்கை மட்டும் கரைக்கும் திரவத்தைத்தான் தேட வேண்டும். துருவுக்கு ஒன்று, சுண்ணாம்புப் படிவுக்கு ஒன்று, பாசிக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து கிடையாது.

கல்லைச் சோதிப்பது

கல்லின் கூரான முனையால் பழைய கண்ணாடி பாட்டிலில் அழுத்திக் கீறுங்கள். கோடு விழுந்தால் குவார்ட்ஸ் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு வினிகர் விட்டு, லென்ஸ் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். நுரைத்தால் கால்சைட் போன்ற கார்பனேட், அதாவது சுண்ணாம்பு வகைக் கல். அதே வகையைச் சேர்ந்த டோலமைட் முழுக்கல்லாக இருந்தால் பேசாமல் இருக்கும். ஆணியால் சுரண்டி எடுத்த பொடியில் சொட்டு விட்டால்தான் லேசாகப் பொங்கும்.

குவார்ட்ஸ், அமெதிஸ்ட், அகேட், சிலிக்காவாக மாறிய கல்மரம் ஆகியவை நாம் சொல்லப்போகும் அமிலங்களைத் தாங்கும். கால்சைட், மாலகைட், அசுரைட், அபடைட் தாங்காது. கடையில் வாங்கும் ஸ்டில்பைட், அபோஃபிலைட் போன்றவற்றுக்கும் அமிலம் ஆகாது. பளபளப்பு போய் மங்கிவிடும். வழுதாவூர், சேதராப்பட்டு வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் தொல்லுயிர்க் கிளிஞ்சல்களை வினிகரில் போட்டால் அழுக்கோடு கிளிஞ்சலும் கரையும். ஜிப்சத்துக்குத் தண்ணீரே எதிரி. உலர்ந்த மென்தூரிகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கல்லுப்புப் படிகமோ தண்ணீரில் காணாமலே போய்விடும்.

கல்மரம் என்றதும் ஒரு வார்த்தை. திருவக்கரை கல்மரப் பூங்கா தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். ஏறக்குறைய 2 கோடி ஆண்டு பழைய மரங்கள் அவை. அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது.

முதலில் தண்ணீர்

பாதி வேலை இதிலேயே முடியும். இரண்டு மூன்று சொட்டுப் பாத்திர சோப்புத் திரவம் கலந்த தண்ணீரில் ஒரு நாள் ஊற வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். இடுக்கில் ஒட்டிய களிமண்ணுக்குத் தென்னை ஈர்க்கைவிட நல்ல கருவி இல்லை. வளையும், நுனி உடைந்தால் கிள்ளிவிட்டுத் தொடரலாம், படிகத்தைக் கீறாது. இரும்பு ஊசி கால்சைட்டைக் கீறும். குவார்ட்ஸில் கீறலுக்குப் பதிலாகச் சாம்பல் நிறக் கோட்டை விட்டுப்போகும். அது ஊசியிலிருந்து உரசி ஒட்டிய இரும்பு.

தேவனாம்பட்டினம் மாதிரிக் கடற்கரையில் எடுத்த கல்லுக்குள் உப்பு இருக்கும். ஒரு வாரம் நல்ல தண்ணீரில் போட்டு, தினம் தண்ணீரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் காய்ந்தபின் வெள்ளைப் பூப் பூக்கும். வெந்நீரிலிருந்து எடுத்துக் குளிர்ந்த நீரில் போடாதீர்கள். அமெதிஸ்ட்டும் ஃப்ளூரைட்டும் விரிசல் விடும்.

துருக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம்

மார்பிள், மொசைக் பாலிஷ் போடுபவர்கள் சாமான் வாங்கும் கடையில் வெள்ளைப் பொடியாகக் கிடைக்கும். பார்க்கச் சர்க்கரை மாதிரி இருக்கும், விஷம். சில கிராம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. சமையலறையில் வைக்கவே கூடாது. பெயர் எழுதி ஒட்டி, பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

ரப்பர் கையுறை, பக்கம் மூடிய கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் வேண்டும். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றிப் பிழிந்து ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வேலையை மொட்டைமாடியிலோ கொல்லையிலோ நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் பிளாஸ்டிக்தான், அலுமினியம், எவர்சில்வர் வேண்டாம்.

1 லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் பொடி. தண்ணீரை முதலில் ஊற்றி, பொடியைத் தூசி பறக்காமல் மெல்லப் போட்டு, மரக்குச்சியால் கலக்குங்கள். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் கரையும். அடுப்பில் வைத்துச் சூடாக்கக் கூடாது. ஆவி மூக்கையும் நெஞ்சையும் எரிக்கும்.

எந்தத் தண்ணீர் என்பதுதான் இந்த ஊரில் முக்கியம். போர்த் தண்ணீரில் கால்சியம் அதிகம். அது ஆக்சாலிக்கோடு சேர்ந்தால் கால்சியம் ஆக்சலேட்டாக, மெல்லிய வெள்ளைப் படலமாகக் கல்லின் இடுக்குகளில் உட்கார்ந்துவிடும். பிறகு அது தண்ணீருக்கும் போகாது, வினிகருக்கும் போகாது. துருவை எடுக்கப் போய் வெள்ளைக் கறை வாங்கிய கதைகள் பெரும்பாலும் இதனால்தான். பெட்ரோல் பங்க்கில் விற்கும் பேட்டரி தண்ணீர் மிக நல்லது. ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் நேராகப் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் காசும் மிச்சம். கரைசலுக்கு மட்டுமில்லை, முதல் இரண்டு மூன்று அலசலுக்கும் இதே தண்ணீர்தான்.

கற்களை ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கி, கரைசலில் மூழ்க வைத்து, மூடியை இறுக்காமல் வையுங்கள். லேசான கறைக்கு ஒரு நாள், தடித்த பூச்சுக்கு மூன்று நாள். தினம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நிறமில்லாத நீர் மெல்ல மஞ்சள் கலந்த பச்சையாக மாறும். கரைந்த இரும்பு அது. நிறம் நன்றாக ஏறியதும் புதுக் கரைசல் மாற்றுங்கள். பழையதிலேயே விட்டாலும், வாளியை வெயிலில் வைத்தாலும், வெளிச்சம் பட்டு அந்த இரும்பு கரையாத மஞ்சள் பொடியாகக் கல்மேல் இறங்கும். நிழல் என்று சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். சில கற்களில் இருக்கும் மாங்கனீஸ் கறுப்பும் இதே கரைசலில் போகும், கொஞ்சம் தாமதமாக.

அலசிய பிறகு, ஊறிய நாளுக்குக் குறையாமல் சுத்தத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கல்மரம், மணற்கல் போன்ற துளையுள்ள கல்லுக்கு இரண்டு மடங்கு. நடுவில் ஓரிரவு, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த நீரில் வைத்தால் உள்ளே தங்கிய அமிலம் அடங்கும். அதற்குப் பின் மறுபடி வெறும் தண்ணீர்.

சுண்ணாம்புப் படிவும் பாசியும்

குவார்ட்ஸ்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் வினிகர் போதும். 4 சதவீத வினிகர் 1 லிட்டர், கணக்குப்படி 33 கிராம் சுண்ணாம்பைத்தான் கரைக்கும். குமிழி நின்றுவிட்டால் வினிகர் தீர்ந்ததா, சுண்ணாம்பு தீர்ந்ததா என்று புதிதாகக் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தையும் லிட்டருக்கு 50 கிராம் போட்டுப் பயன்படுத்தலாம். பாட்டிலை இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து வெடிக்கும்.

பாசிக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊற வையுங்கள். கறுப்பு மாங்கனீஸ் கறை உள்ள கல்லைப் போட்டால் சூடாகிப் பொங்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். துணி வெளுக்கும் திரவ ப்ளீச் என்றால் ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர். சாயம் ஏற்றி விற்கும் நீல, ரோஸ் அகேட் ப்ளீச்சில் வெளுத்துவிடும்.

சேர்க்கக் கூடாதவை

ப்ளீச்சும் அமிலமும் சந்திக்கவே கூடாது. வினிகராக இருந்தாலும், ஆக்சாலிக்காக இருந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். ப்ளீச்சோடு அம்மோனியாவும் ஆகாது. ப்ளீச்சில் ஊறிய கல்லை அமிலத்தில் போட வேண்டுமானால் நடுவில் இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி அலசுங்கள்; கல்லின் துளைக்குள் இருப்பதும் கணக்கில் வரும்.

லேபிள் இல்லாத பாட்டிலில் வரும் பாத்ரூம் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். எவ்வளவு வலு என்று யாருக்கும் தெரியாது, மூடி வைத்தாலும் புகை கசியும், மாடியில் நிறுத்திய சைக்கிளும் ஜன்னல் கம்பியும் சேர்ந்து துருப்பிடிக்கும். துரு நீக்கி என்று விற்பவற்றில் ஃப்ளூரைடு பெயர் இருந்தால் வாங்காதீர்கள். தோல் வழியாக உள்ளே போய் எலும்பு வரை கெடுக்கும், குவார்ட்ஸையும் அரிக்கும்.

கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பொடியின் பாக்கெட்டோடு ஜிப்மருக்கோ கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ உடனே கொண்டுபோங்கள்.

பழைய கரைசலை என்ன செய்வது?

ஆக்சாலிக்கைச் சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ ஊற்றாதீர்கள். 40 கிராமுக்கு 30 கிராம் அளவில் கிளிஞ்சல் சுண்ணாம்புத் தூளைத் தண்ணீரில் கரைத்து, கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். போதுமா என்று பார்க்க, மஞ்சள் தூள் தடவிக் காயவைத்த காகிதத்தில் ஒரு சொட்டு வையுங்கள். ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்தால் அமிலம் முடிந்தது. தெளிந்த நீரை நிறையத் தண்ணீரோடு கழிவறையில் ஊற்றலாம். அடிவண்டலைத் துணியில் வடிகட்டி, காயவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

காயவைப்பதும் வைத்திருப்பதும்

நிழலில், மின்விசிறிக் காற்றில் காயட்டும். அமெதிஸ்ட்டும் ரோஸ் குவார்ட்ஸும் வெயிலில் தொடர்ந்து இருந்தால் நிறம் வெளுக்கும்.

பழுப்பு நிலக்கரியோடு வரும் பித்தளை நிற பைரைட், மார்க்கசைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமங்கள்) மட்டும் தனி ஜாதி. தண்ணீர், பெராக்சைடு, ப்ளீச் எதுவும் காட்டாமல், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த தூரிகையால் துடையுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. கடலோரக் காற்றின் ஈரத்திலேயே அவை அரித்து, வெள்ளைப் பொடி விட்டு, கந்தக அமிலம் கசிந்து அடியிலிருக்கும் அட்டைப் பெட்டியைப் பொசுக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில், மற்ற கற்களிலிருந்து தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தி மாற்ற வேண்டும்.