மக்குவது வேறு, இற்றுப்போவது வேறு: பிளாஸ்டிக்கின் ஆயுள் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

போன வருடம் ஒரு பள்ளியில் பிளாஸ்டிக் குப்பை பற்றிப் பேசப் போயிருந்தேன். "தண்ணீர் பாட்டில் மக்க 450 வருடம் ஆகும்" என்ற வழக்கமான வரியை எடுத்துவிட்டேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். "எங்க வீட்டு மாடியில துணி கிளிப் ரெண்டே கோடையில பொடிப்பொடியா உதிர்ந்துடுச்சே, சார்?" வகுப்பே சிரித்தது. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான், என்னைப் போலப் பேசுகிறவர்கள் எங்கெங்கே சறுக்குகிறோம் என்று தெரிந்தது.

முதல் சறுக்கல் அந்த 450 தான். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் என்கிற பிளாஸ்டிக் பிரிட்டனில் உருவானது 1941இல். சோடா அடைக்கும் பெட் பாட்டிலுக்கு அமெரிக்கப் பொறியாளர் நதானியல் வயத் காப்புரிமை வாங்கியது 1973இல். ஐம்பது சொச்சம் வயதுள்ள ஒரு பொருள் 450 வருடத்தில் என்ன ஆகும் என்று யாரும் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் பெயரோடு சுற்றும் பட்டியலில் பாட்டிலுக்கு 450, தூண்டில் நரம்புக்கு 600, கடைப் பைக்கு 10 முதல் 20 வருடம். வேறொரு சுவரொட்டியைப் பார்த்தால் அதே பைக்கு 1000 என்று இருக்கும். உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் காலின் வார்டும் கிறிஸ்டோபர் ரெட்டியும் 2020இல் இப்படிப்பட்ட விளக்கப் படங்களைத் திரட்டி அலசினார்கள். எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பலவற்றுக்குப் பின்னால் ஆய்வு எதுவும் தட்டுப்படவும் இல்லை. 500 என்று முழுசாகச் சொல்லாமல் 450 என்று சொன்னதால்தானோ என்னவோ, யாரோ அளந்து பார்த்த மாதிரி நானும் நம்பிவிட்டேன்.

அடுத்தது இதைவிடப் பெரிய குழப்பம். மக்குவது என்றால் நுண்ணுயிர்கள் ஒரு பொருளைத் தின்று செரித்து, கடைசியில் அது கரியமில வாயுவும் தண்ணீரும் உரமுமாக மாறுவது. வாழை இலைக்கு நடப்பது அது. பையன் வீட்டுக் கிளிப்புக்கு நடந்தது வேறு. அதற்கு நம்மிடம் நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: இற்றுப்போதல். "தார்பாய் இத்துப்போச்சு", "கொடிக்கயிறு இத்துப்போச்சு" என்று வீட்டில் சொல்வார்களே, அதேதான். கிளிப் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்ற வகைப் பிளாஸ்டிக். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்து அதன் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளை அங்கங்கே அறுக்கின்றன. சங்கிலி குட்டையாகக் குட்டையாக, வளைந்து கொடுக்கும் குணம் போய், தொட்டால் உதிர்கிறது. உதிர்ந்த பொடியோ பிளாஸ்டிக்காகவே இருக்கிறது. அடுத்த மழையில் மாடிக் குழாய் வழியே தெருவுக்கும், அங்கிருந்து வாய்க்காலுக்கும் போகிறது. பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்சன் குழு 2004இல் கடற்கரை மணலிலும் கடல்நீரிலும் கண்டெடுத்து 'மைக்ரோபிளாஸ்டிக்' என்று எழுதியது இந்த மாதிரித் துணுக்குகளைத்தான். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் மக்கிவிட்டது என்று கணக்கு எழுதக் கூடாது.

அப்புறம், எங்கே கிடக்கிறது, எவ்வளவு தடிமன் என்று கேட்காமலே ஆயுள் சொல்வது. 2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, கடலில் கிடக்கும் கெட்டிப் பாலிஎத்திலீன் பாட்டில் பாதியாகக் குறையவே சுமார் 58 வருடம் ஆகும் என்று மதிப்பிட்டது. அதே பிளாஸ்டிக்கில் செய்த குழாய்க்கு 1200 வருடம். பொருள் ஒன்றுதான், சிதைவு மேல்பரப்பிலிருந்து உள்ளே போகிறது என்பதால் தடிமன் கூடக்கூட ஆயுளும் கூடுகிறது. (இதுவும் குறுகிய கால அளவீடுகளை நீட்டிப் போட்ட கணக்குதான்.) வெயிலும் காற்றும் எட்டாத குப்பைமேட்டின் அடியில் எல்லாமே மெதுவாகிவிடும், காகிதம் உட்பட. அரிசோனா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ராத்ஜே தலைமையில் அமெரிக்கக் குப்பைக் கிடங்குகளைத் தோண்டியவர்களுக்குப் பல பத்தாண்டு பழைய செய்தித்தாள்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் கிடைத்தன.

கையில் காசு கொடுத்து ஏமாறும் இடம் 'மக்கும் பை'. பையில் பச்சை இலை ஒன்று அச்சடித்திருந்தால் மனசு நிம்மதியாகிவிடுகிறது. பிளைமவுத்தில் இமோஜென் நாப்பரும் தாம்சனும் ஐந்து வகைப் பைகளை மண்ணில் புதைத்தும், கடலில் மூழ்கவிட்டும், வெட்டவெளியில் தொங்கவிட்டும் மூன்று வருடம் கவனித்து 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெளியில் தொங்கிய எல்லாமே ஒன்பது மாதத்தில் துண்டு துண்டாகிவிட்டன. ஆனால் 'மக்கக்கூடியது' என்று விற்ற பை, மண்ணிலும் கடலிலும் மூன்று வருடம் கிடந்த பிறகும் கடைச் சாமான் தூக்கும் பலத்தோடு இருந்தது! 'உரமாகும்' என்ற முத்திரை போட்ட பை கடலில் மூன்று மாதத்துக்குள் காணாமல் போனது. மண்ணிலோ 27 மாதம் கழித்தும் இருந்தது, எடை தாங்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்குக் காரணம் உண்டு. உரமாகும் பைகளுக்கான சோதனை, சுமார் 58 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொடர்ந்து தக்கவைக்கும் பெரிய உரக்கூடங்களின் நிலைமையை வைத்து நடப்பது. மாடித் தோட்டத்து உரத்தொட்டியில் அந்தச் சூடு நாள்கணக்கில் நிற்காது. சாக்கடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்னொரு வகையில், சாதாரண பிளாஸ்டிக்கிலேயே சீக்கிரம் இற்றுப்போக ஓர் உப்பைச் சேர்த்து 'ஆக்சோ' என்று விற்கிறார்கள். பெரிய குப்பையைச் சீக்கிரமாகப் பொடிக்குப்பை ஆக்குவதுதான் அதன் வேலை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் இதைச் சந்தைக்கே விடுவதில்லை.

பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்பவர்களுக்கு ஒரு வரி: ஜப்பானில் கண்டறிந்து 2016இல் அறிவித்த அந்த பாக்டீரியா 30 டிகிரியில் ஆறு வாரத்தில் தின்றது மெல்லிய, இளகலான பெட் படலத்தை. நாம் தூக்கிப்போடும் பாட்டில் அதைவிடக் கெட்டியானது.

இவ்வளவும் சொன்னால் "அப்போ 450 பொய்தானே, இவ்வளவு நாள் சும்மா பயமுறுத்தினீங்களா" என்று ஒரு பெரியவர் கேட்டார். இதுவும் தவறுதான். உறுதியான எண் இல்லை என்றால் குறைந்த எண் என்று அர்த்தமில்லை. தவிர, மாட்டின் இரைப்பையில் பை அடைத்துக்கொள்ள ஒரு நாள் போதும்; அது எத்தனை நூற்றாண்டு இருக்கும் என்பது மாட்டுக்குத் தேவையில்லாத கணக்கு.

அந்தப் பையனுக்கு இப்போது சொல்ல ஒரு பதில் இருக்கிறது, கூடவே ஒரு வேலையும். ஒரே பால் பாக்கெட்டைக் கழுவி மூன்று துண்டாக வெட்டு. ஒன்று மொட்டைமாடியில், ஒன்று தொட்டி மண்ணில், ஒன்று அலமாரிக்குள். புதைத்த இடத்தில் குச்சி நட்டுத் தேதி எழுது, கூடவே ஒரு வாழை இலைத் துண்டையும் புதை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எடுத்து இழுத்துப் பார். மாடித் துண்டை மட்டும் மெல்லிய வெள்ளைத் துணியில் முடிந்து வை. இல்லாவிட்டால் உதிர்ந்ததைக் காற்று கொண்டுபோய்விடும், நீயும் மக்கிவிட்டது என்று எழுதிவிடுவாய்.