களைப்பில் எடுக்கக் கூடாத முடிவுகள்: சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு

சாயங்காலம் ஆறரை மணி. பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்த கேப் பி.டி.எம். லேஅவுட் முனையில் இறக்கிவிடுகிறது. டேகேரில் இருந்து இரண்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டில் இருந்து ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு கதவைத் திறந்தால், செருப்பைக் கழற்றுவதிலேயே அழுகை தொடங்கிவிடும். பால் வேண்டாம். அந்த டம்ளர் வேண்டாம், நீல டம்ளர்தான் வேண்டும். நீல டம்ளரில் ஊற்றினால் அதுவும் வேண்டாம். எட்டு மணிக்குள் பெரியவர்களில் ஒருவர் கத்தியிருப்போம். ஒன்பதரைக்குத் தூங்கும் முகத்தைப் பார்த்து நெஞ்சு கனத்துப்போகும். மறுநாள் காலை அதே பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கும்போது, நேற்று நடந்தது வேறு யார் வீட்டிலோ நடந்தது போல இருக்கும்.

சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாமல், இருவரும் வேலைக்குப் போய்க்கொண்டு பெங்களூரில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஏழு வருடமாக இதைப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. அன்பு குறைந்தோ விவரம் தெரியாமலோ நாம் செய்யும் தவறுகள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் களைப்பில் செய்வது. அந்த ஐந்து நிமிடத்தைக் கடத்த எதையோ ஒன்றைச் செய்கிறோம், மறுநாளும் செய்கிறோம், ஒரு மாதத்தில் அது வீட்டு வழக்கமாகிவிடுகிறது.

"உங்களைப் பார்த்ததும்தான் இப்படி"

டேகேரில் இந்த வார்த்தையைக் கேட்காத அம்மா இருக்க மாட்டார். "நாள் பூரா சமத்தா இருந்தான், உங்களைப் பார்த்ததும்தான் ஆரம்பிச்சிட்டான்." இதைக் கேட்டதும், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்து அன்றைக்கே கண்டிப்பைத் தொடங்குவதுதான் முதல் தவறு. இரண்டு வயதுப் பிள்ளை பத்து மணி நேரம் சத்தத்துக்கு நடுவில், பொம்மைக்கு முறை காத்து, தூக்கம் வராத நேரத்தில் படுத்து, தன்னை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அடக்கியதை எல்லாம் யாரிடம் கொட்டினாலும் தன்னைத் தள்ளிவிட மாட்டார்களோ, அவரிடம்தான் கொட்டும். அந்த அழுகை உங்கள் மேல் வைத்த நம்பிக்கை.

அதோடு பசி. பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டது, நாலு மணிக்கு இரண்டு பிஸ்கட். நாமோ வந்ததும் பையை வைத்துவிட்டு நேராக அடுப்பங்கரைக்குப் போகிறோம். "இதோ, அரை மணியில் சாப்பாடு" என்பது இரண்டு வயதுக்குப் புரியாத கணக்கு.

எங்கள் வீட்டில் மாற்றியது இவ்வளவுதான். கதவைத் திறந்ததும் முதல் பதினைந்து நிமிடம் யாரும் எந்த வேலையும் செய்வதில்லை. தரையில் உட்கார்ந்துவிடுவோம். காலையிலேயே எடுத்து வைத்த ஏதாவது ஒன்று கையில் இருக்கும்: வேகவைத்த சர்க்கரைவள்ளி, வாழைப்பழம், நெய் தடவிய இட்லி, சுண்டல். (சுண்டல் என்றால் நசுக்கித்தான். முழுக் கடலையும் வேர்க்கடலையும் நாலைந்து வயது வரை மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கக் கூடியவை. திராட்சையையும் நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள்.) போன் அலமாரியில். அழுதால் அழட்டும், மடியில் அழட்டும். அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கொடுத்த நாட்களில் ராத்திரிச் சாப்பாடு சண்டை இல்லாமல் முடிகிறது.

இதே நேரத்தில் நடக்கும் இன்னொரு தவறு, அப்பா வரும்வரை பிள்ளையை விழிக்க வைப்பது. அப்பாவுக்கும் ஆசை, பிள்ளைக்கும் ஆசை, மறுக்க மனம் வராது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019ல் தந்த வழிகாட்டுதல்படி ஒன்று முதல் இரண்டு வயது வரை ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம். பகல் தூக்கமும் இதில் சேர்ந்ததுதான். ராத்திரி பத்துக்குப் படுத்துக் காலை ஏழுக்கு எழுப்பப்படும் இரண்டு வயதுப் பிள்ளை பகலில் ஒன்றரை மணி நேரம் தூங்கினாலும் பத்தரை மணிதான் ஆகிறது. மறுநாள் சாயங்காலத்து ரகளைக்கு விதை அங்கேயே விழுந்துவிடுகிறது. என் கணவருக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ வந்த பிறகு அவர் கொஞ்சம் சீக்கிரம் வருகிறார். அதற்கு முன்பு நாங்கள் செய்தது, அப்பாவின் நேரத்தைக் காலைக்கு மாற்றியதுதான். எழுப்புவது, குளிப்பாட்டுவது, டேகேரில் விடுவது எல்லாம் அவர். பிள்ளைகளுக்கு அப்பா கிடைத்தார், தூக்கமும் கிடைத்தது.

ஒரு வாய் சோறு, ஒரு வீடியோ

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இருப்பது சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பின்னால் இருப்பது பயம். பிள்ளை சாப்பிடவில்லையே என்ற பயம். அந்தப் பயத்தைச் சரிசெய்யாமல் போனைப் பிடுங்கினால் இரண்டு நாளில் போன் திரும்ப வந்துவிடும்.

மூன்று கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய ஒன்பது கிலோ ஆகிறது, அதாவது மூன்று மடங்கு. அடுத்த ஒரு வருடத்தில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளரும் வேகம் குறையும்போது பசியும் குறையும். "எட்டு மாசத்துல நல்லா சாப்பிட்டான், இப்ப வாயே திறக்கறதில்ல" என்று எல்லா வீட்டிலும் கேட்கிற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வளர்ச்சி அட்டையில் கோடு சரியாகப் போகிறதா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். சரியாகப் போகிறது என்று அவர் சொல்லிவிட்டால், தட்டில் எத்தனை கரண்டி என்று எண்ணுவதை நிறுத்திவிடலாம். எதை, எப்போது கொடுப்பது என்பது நம் பொறுப்பு. எவ்வளவு என்பதைப் பிள்ளையின் வயிறு சொல்லட்டும். வீடியோ ஓடும்போது வயிறு சொல்வது பிள்ளைக்கே கேட்பதில்லை.

சோறு இறங்கவில்லை என்று ஈடுகட்டப் பால் ஊற்றுவது இதன் அடுத்த கட்டம். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் பால் பசியை அடைத்துவிடும். பசும்பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. பால் மட்டும் குடித்துக் கொழுகொழுவென்று இருந்தும் ரத்தசோகையோடு இருக்கும் பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

திரைக்கான அளவையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயது வரை வேண்டவே வேண்டாம், ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு பேசும் வீடியோ கால் மட்டும் பரவாயில்லை என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். இரண்டில் இருந்து ஐந்து வரை ஒரு மணி நேரத்துக்குள். நாங்கள் சாப்பாட்டு நேரத்துப் போனை நிறுத்தியது ஒரு நீண்ட வார இறுதியில். முதல் மூன்று நாள் கடினமாகவே இருந்தது. வேலை நாள் ராத்திரியில் தொடங்கியிருந்தால் முதல் நாளே கைவிட்டிருப்போம்.

ராத்திரி இரண்டு மணிக் காய்ச்சல்

தூக்கக் கலக்கத்தில் மருந்துக் கணக்குப் போடக் கூடாது. பாரசிட்டமால் நம் ஊர்க் கடைகளில் மூன்று அளவில் கிடைக்கிறது: சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், ஒரு சிரப்பில் ஐந்து மில்லியில் 120, இன்னொன்றில் ஐந்து மில்லியில் 250. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்தால், பத்துக் கிலோ பிள்ளைக்குச் சொட்டு மருந்து ஒன்றரை மில்லி, முதல் சிரப் ஏறக்குறைய ஆறு மில்லி, இரண்டாவது மூன்று மில்லி. சிரப்பின் அளவை நினைவில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தை ஆறு மில்லி ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். உங்கள் பிள்ளையின் இன்றைய எடைக்கு, உங்கள் வீட்டில் இருக்கும் பாட்டிலுக்கு எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருமுறை என்று மருத்துவரிடமே எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியமே வேண்டாம், உடனே மருத்துவமனை. இருமல் சிரப்பைப் பொறுத்தவரை, இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. போன முறை மிச்சமான பாட்டிலைக் கொட்டிவிடுங்கள்.

"நீ கிளம்பி வாம்மா"

ஒரு வாரம் தொடர்ந்து எல்லாம் சறுக்கிய பிறகு, ராத்திரி பதினொன்றுக்கு சேலத்துக்குப் போன் போட்டு அழுதேன். அம்மா மறுநாள் காலை பஸ்ஸில் ஏறிவிட்டார். அவர் வந்தது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லி முடியாது. ஆனால் நான் அவரிடம் எதையும் கேட்கவில்லை. எத்தனை நாள், அங்கே அப்பாவுக்கு யார் சமைப்பது, முட்டிவலியோடு பன்னிரண்டு கிலோ பிள்ளையைத் தூக்க முடியுமா, எதையும். காசு மிச்சம் என்று டேகேரையும் நிறுத்திவிட்டேன். மூன்றாவது வாரம் பார்த்தால், பாஷை தெரியாத ஊரில் நாலாவது மாடியில் நாள் முழுக்க ஒரு பிள்ளையோடு அடைந்து கிடந்து அம்மா மெலிந்திருந்தார். பேச்சும் குறைந்துவிட்டது.

இப்போது அம்மா வருவது முன்கூட்டியே பேசி வைத்த நாட்களுக்கு. இரண்டு வாரம் இங்கே, நாலு வாரம் அங்கே. அவர் இருக்கும்போதும் பிள்ளை அரை நாள் டேகேருக்குப் போகிறான். சனிக்கிழமை அம்மாவுடையது. அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போனால் அந்தப் பக்கம் தமிழ் காதில் விழும், முகம் மலர்ந்துவிடும். டேகேர் பற்றி ஒன்று: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும் என்று 2017ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். அலுவலகத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமலேயே அம்மாவை வரச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

வைத்தியத்தில் வரும் உரசலையும் கரண்டி கையில் இருக்கும்போது பேசக் கூடாது. பிரசவத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். சேனை என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் வைப்பது வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்குள் போகலாம். இவற்றை மருத்துவர் வாயாலேயே சொல்ல வைத்தால் அம்மாவுக்கும் மனம் நோகாது. அதே அம்மா எண்ணெய் தேய்த்துக் கால் நீவிவிடுவதும், ரசம் சோற்றைக் கையால் மசித்து ஊட்டுவதும், விளக்கு வைத்த பிறகு சொல்லும் கதையும் எங்கள் வீட்டில் வேறு யாராலும் முடியாதவை.

ராத்திரிப் பஞ்சாயத்து

பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டே கணவன் மனைவி போடும் கணக்கு எதுவும் தீர்ந்ததில்லை. "நான்தான் எல்லாம் செய்கிறேன்", "சொன்னால் செய்ய மாட்டேனா". இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் சிக்கல் இருக்கிறது. சொல்ல வேண்டும் என்றால், நினைவில் வைத்திருப்பது இன்னும் ஒருவர் தலையில்தான். துண்டு துண்டாக உதவி கேட்பதை விட்டுவிட்டு ஒரு பொறுப்பை முழுதாகக் கொடுங்கள். எங்கள் வீட்டில் தடுப்பூசி முழுக்க அவருடையது. அட்டை எங்கே இருக்கிறது, ஐந்து வயதில் போட வேண்டிய டி.பி.டி. பூஸ்டர் எப்போது, அன்றைக்கு யார் லீவு போடுவது, எல்லாம். நான் ஞாபகப்படுத்துவதில்லை. முதலில் ஒரு தேதி இரண்டு வாரம் தள்ளிப்போனது. பொறுத்துக்கொண்டேன், பிறகு தள்ளிப்போகவில்லை.

தமிழை நிறுத்தாதீர்கள்

பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், வேலைக்கு வரும் அக்காவிடம் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், அபார்ட்மெண்ட் பார்க்கில் இந்தி. "அம்மா, எனக்கு ஊட்டா பேடா" (சாப்பாடு வேண்டாம்) என்று கன்னடம் கலந்து பேசினால் குழம்பிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆசிரியை "வீட்டில் ஆங்கிலம் பேசுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னதும் அன்று ராத்திரியே தமிழை நிறுத்திவிடும் பெற்றோரை எனக்குத் தெரியும். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. எல்லா மொழியிலும் தெரிந்த சொற்களைக் கூட்டித்தான் எண்ண வேண்டும். அதே சமயம் "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று காத்திருப்பதும் தவறு. பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பேசிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது என்றால் மருத்துவரைப் பாருங்கள், காது கேட்கும் பரிசோதனையும் செய்யுங்கள். மைசூரில் இதற்கென்றே அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இருக்கிறது.

ஸ்கூட்டர் விஷயம் சுருக்கமாக: தூக்கக் கண்ணோடு பிள்ளையை முன்னால் நிற்க வைத்து ஓட்டாதீர்கள். நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஏறினால் ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வார், பிள்ளை அளவுக்கு ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் மூன்றும் கட்டாயம் என்று 2023 பிப்ரவரி முதல் விதியே இருக்கிறது.

இவ்வளவு யோசித்து வைத்தும் சில நாள் கத்திவிடுவேன். முன்பெல்லாம் மறுநாள் ஒரு சாக்லேட்டோடு அதைக் கடந்துவிடுவேன். இப்போது தூங்குவதற்குள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா கத்தினது தப்பு. நீ பண்ணினதுல கோபம் வந்தது, ஆனா கத்தியிருக்கக் கூடாது" என்று சொல்லிவிடுகிறேன். "ஆனா நீயும்" என்று அதில் சேர்ப்பதில்லை. போன மாதம் தம்பியைத் தள்ளிவிட்ட பிறகு, யாரும் சொல்லாமல் அவளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வீட்டில் மாற்ற வேண்டியதை எல்லாம் ஞாயிறு காலை ஆறரைக்குத்தான் பேசுகிறோம். பிள்ளைகள் தூங்கும், காபி சூடாக இருக்கும், ஒரு பழைய நோட்டு இருக்கும். வார நாளில் என்ன தோன்றினாலும் அந்த நோட்டில் குறித்துவிட்டு ஞாயிறுக்குத் தள்ளிவிடுவோம். போன வாரம் அதில் இருந்தவை மூன்று: அம்மா வரும் தேதி, தம்பிக்கு இப்போதைய எடைக்கு மருந்து அளவு, நீல டம்ளர் இன்னொன்று.